பேசியாச்சு

சிஸ்டரிடம் மாத்திரை வாங்கிக்கொண்டு யாரும் உடனே எழுந்து போய்விட முடியாது. பொட்டலத்தைக் கொடுப்பார். ஆனால் அதன் ஒரு முனையை விடமாட்டார். மறுமுனையைப் பிடித்துக்கொண்டு எதிரே நிற்கும் கர்ப்பிணிப் பெண்ணிடம், "இன்னா சொன்னேன்? திருப்பிச் சொல்லு" என்பார்.

"ராவுல ஒண்ணு போடணும்."

"எப்ப?"

"சாப்ட்டு."

"டீ குடிக்கும்போது போடலாமா?"

"கூடாது சிஸ்டர்."

"ஏன் கூடாது?"

அந்தப் பெண் விழிப்பாள். டீயோடு போட்டால் இரும்புச்சத்து உடம்பில் சேராது என்று சிஸ்டர் இன்னொரு முறை சொல்வார். அவளும் அதைச் சொன்ன பிறகுதான் பொட்டலம் கைமாறும். வெளியே பெஞ்சில் காத்திருப்பவர்கள் முணுமுணுப்பார்கள். ஷூ கம்பெனியில் அரைநாள் லீவு போட்டு வந்தவர்கள் அவர்கள். சிஸ்டர் காதில் அது விழாது. உருது பேசும் வீட்டுப் பெண்கள் வந்தால் தனக்குத் தெரிந்த கொஞ்சம் உருதுவில், "ஃபிர் ஸே போலோ" என்பார். அவர்கள் முக்காட்டுக்குள் சிரித்துக்கொண்டே திருப்பிச் சொல்வார்கள்.

நான் அங்கே வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கு இருபத்திரண்டு வயது. வேலூரில் இருந்த ஒரு மருத்துவமனை ஆம்பூருக்கு வெளியே ஒரு சிறிய தாய்சேய் நல மையம் நடத்தி வந்தது. இரண்டு அறைகள், ஒரு ஜீப், ஒரு வேப்ப மரம். கம்ப்யூட்டர் டிப்ளமா முடித்திருந்த என்னைப் பதிவேடுகளைக் கணினியில் ஏற்றுவதற்காக எடுத்துக்கொண்டார்கள். சிஸ்டர் அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே அங்கே நர்ஸாக இருந்தார். அப்போது அவருக்கு ஐம்பதைத் தாண்டியிருக்கும். ஒல்லியான, உயரமான உடம்பு. நீலக்கரை போட்ட வெள்ளைப் புடவை. காலில் ஆண்கள் போடும் கறுப்புத் தோல் ஷூ. ஏற்றுமதியில் கழித்துப்போட்டவற்றை விற்கும் கடையில் வாங்கியது. இரண்டு ஷூவும் ஒரே கறுப்பாக இருக்காது. "பாதைக்குத் தெரியவா போவுது" என்பார். காட்பாடியிலிருந்து தினம் ரயிலில் வருவார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தம்பி வீட்டில் இருந்தார். அவரைப் பற்றி எனக்கு இவ்வளவுதான் தெரியும். அவராகச் சொன்னது இதில் பாதிகூட இல்லை.

முந்தைய கதைகளை ஜீப் டிரைவர் அண்ணன் சொல்வார். தொண்ணூறுகளில் ஒருநாள் ஒரு தோல் தொழிற்சாலை முதலாளியைப் பார்க்க சிஸ்டர் போயிருக்கிறார். அங்கே வேலை செய்த பெண்கள் மூன்று பேருக்கு அடுத்தடுத்துக் கரு கலைந்திருந்தது. முதலாளி மரியாதைக்காரர். உட்காரச் சொல்லி டீ கொடுத்தார். வயிற்றுப் பிள்ளைக்காரிகளைத் தோல் ஊறவைக்கும் சுண்ணாம்புத் தொட்டிப் பக்கம் விடக்கூடாது, ஏழு மாதத்துக்கு மேல் நிற்கவைக்கக்கூடாது என்று சிஸ்டர் சொன்னார். "சரிம்மா, பாத்துக்கறேன்" என்றார் முதலாளி. சிஸ்டர் எழுந்திருக்கவில்லை.

"இன்னா பாத்துக்குவீங்க பாய்? சொல்லுங்க."

முதலாளிக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் முகம் சிவந்தது. கணக்குப்பிள்ளையும் மேஸ்திரியும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் அந்தப் பெரிய மனிதர் பள்ளிக்கூடத்துப் பிள்ளைபோல் இரண்டையும் ஒப்பித்தார். சிஸ்டர் டீயைக் குடித்துவிட்டு எழுந்து வந்தார். "அந்தக் கம்பெனியில இன்னிக்கும் ஏழு மாசம்னா ஸ்டூல் போட்டுருவாங்க" என்று டிரைவர் அண்ணன் முடிப்பார்.

ஏன் இப்படிச் செய்கிறீர்கள் என்று நான் ஒருமுறை கேட்டேன். ரத்த அழுத்தம் பார்க்கும் கருவியின் துணிப்பட்டையைச் சுற்றிக்கொண்டே, "தலையாட்டறவங்கள நெறையப் பாத்துட்டேன் பாப்பா" என்றார்.

கைபேசி கூலிக்காரர் வீடுகளுக்கும் வரத் தொடங்கியிருந்த காலம் அது. ஒரு புது டாக்டர் வந்தார். நல்லவர், சுறுசுறுப்பானவர். வெளிநாட்டில் ஏதோ பயிற்சி முடித்திருந்தார். கர்ப்பிணிகளுக்கு வாராவாரம் கைபேசியில் செய்தி அனுப்பும் திட்டத்தைக் கொண்டுவந்தார். எந்த மாதம் என்ன சாப்பிட வேண்டும், எப்போது ஊசி, எந்த அறிகுறி கண்டால் ஓடிவர வேண்டும் என்பதெல்லாம் வீடு தேடிப் போகும். ஜீப்புக்கு டீசல் வேண்டாம். ஒரே நேரத்தில் முந்நூறு பேருக்குச் சொல்லிவிடலாம்.

வேப்ப மரத்தடியில் கூட்டம் நடந்தது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு சிஸ்டர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அவ கேட்டான்னு நமக்கு எப்படித் தெரியும் டாக்டர்?"

"டெலிவர்டுன்னு ரிப்போர்ட் வரும் சிஸ்டர்."

"போய்ச் சேந்துச்சுன்னு வரும். அவ கேட்டாளான்னு?"

டாக்டர் சிரித்தார். நானும் சிரித்தேன். புது வேலை, புதுக் கணினி, அதோடு கம்பியால் இணைத்த ஒரு கைபேசி எல்லாம் எனக்கு வந்திருந்தன. "எல்லாம் நான் பாத்துக்கறேன் சிஸ்டர். கம்ப்யூட்டர் தப்பு பண்ணாது" என்று சொன்னது நான்தான்.

செய்திகளை எழுதியவர் சிஸ்டர். அந்தக் காலத்துக் கைபேசிகளில் தமிழ் எழுத்து வராது. ஆங்கில எழுத்தில்தான் தமிழை எழுத வேண்டும். ஒரு செய்திக்கு நூற்று அறுபது எழுத்துக்குமேல் கூடாது. கோடு போட்ட நோட்டில் எழுதி, பென்சில் முனையால் ஒவ்வொரு எழுத்தாகத் தொட்டு எண்ணுவார். கூடிப்போனால் 'வணக்கம்' என்பதை அடிப்பார். பிறகு மனம் கேட்காமல் அதை மறுபடி சேர்த்து வேறெதையாவது அடிப்பார். முதலில் 'தலைவலி' என்றுதான் எழுதியிருந்தார். டிரைவர் அண்ணனிடம் படிக்கக் கொடுத்தபோது அவர் 'வலி'யை 'வழி' என்று படித்துவிட்டு, "இன்னா சிஸ்டர், தல வழியா இன்னாத்த செய்யணும்?" என்றார். சிஸ்டர் அப்படிச் சிரித்து நான் அதற்குமுன் பார்த்ததில்லை. உடனே எல்லா இடத்திலும் வலியை எடுத்துவிட்டு 'நோவு' என்று மாற்றினார். "நம்ம ஜனங்க நோவுன்னுதான சொல்றாங்க. எனக்கு எங்க புத்தி போச்சு."

எட்டாம் மாதத்துச் செய்தி எனக்கு இன்னும் மனப்பாடம். 'வணக்கம் அமுதா. இது எட்டாம் மாதம். முகம் வீங்கினால், தலை நோவு நிற்காவிட்டால், கண் மங்கினால், அன்றே வரவும். பயப்படாமல் வரவும்.' பெயர் இருக்கும் இடத்தில் மட்டும் கணினி ஆளுக்கேற்ப மாற்றிக்கொள்ளும். நூற்று அறுபதுக்குள் 'பயப்படாமல்' என்பதை நுழைக்க அவருக்கு ஒரு முழு மதியம் ஆயிற்று.

திட்டம் நன்றாகத்தான் ஆரம்பித்தது. ஒருத்தி வந்து தன் வீட்டுக்காரர் செய்தியைச் சத்தமாகப் படித்துவிட்டு முட்டை வாங்கிவந்தார் என்றாள். பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து வந்து பார்த்துப் பாராட்டினார்கள். அப்புறம் ஜீப்பை வேறு மையத்துக்கு எடுத்துக்கொண்டார்கள். மாதம் ஒருமுறை வீட்டுக்குப் போய்ப் பார்ப்பது மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்றானது.

அந்த உத்தரவு வந்த மறுநாள் காலை சிஸ்டர் ஒரு பெரிய தாளில் ஸ்கேலால் கட்டம் போட்டுக்கொண்டு வந்தார். பெயர், ஊர், நம்பர், கடைசியில் 'பேசியாச்சு' என்று ஒரு கட்டம்.

"பாப்பா, மாசம் ஒரு தடவ ஒவ்வொரு நம்பருக்கும் நீ போன் பண்ணு. புருஷன் எடுத்தா, அவள்ட்ட குடுங்கன்னு சொல்லு. அவ வாயால சொல்லணும். அப்பதான் இதுல டிக் போடணும். இன்னா சொன்னேன்?"

"அவ வாயால சொன்னாதான் டிக் போடணும்."

"ம்."

முதல் மாதம் நான் ஒழுங்காகத்தான் பேசினேன். முந்நூறு நம்பரில் பெண்களுடையது இருபதுகூட இருக்காது. மற்றதெல்லாம் புருஷன், மைத்துனன், பக்கத்து வீட்டுக்காரன். வேலை இடத்தில் எடுப்பார்கள். பின்னால் தோல் பதனிடும் டிரம் சுற்றும் சத்தம் கேட்கும். "அவ வீட்ல இருக்கா, சாயங்காலம் பண்ணும்மா" என்பார்கள். சிலர் என் பெயர் கேட்டார்கள். சிலர் திரும்பக் கூப்பிட்டார்கள். ஒருவன் மதியத்தில் தினமும் கூப்பிட்டு, "நீ டாக்டரா நர்ஸா? குரல் நல்லாருக்கே" என்பான். பிறகு அவன் பேசியதை இங்கே எழுத முடியாது. இன்னொருவனும் ஆரம்பித்தான். கணினி அறையில் நான் தனியாக இருப்பேன். மேசைமேல் போன் அடித்தால் எடுத்து மறுபடி வைத்துவிடுவேன்.

சிஸ்டரிடம் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அந்த நம்பரை வாங்கிக் கூப்பிட்டு அவனைத் திருப்பிச் சொல்லவைத்திருப்பார். ஆனால் அவன் சொன்ன வார்த்தைகளை நான் என் வாயால் அவரிடம் எப்படிச் சொல்வது? வீட்டில் தெரிந்தால் வேலைக்கே அனுப்பமாட்டார்கள். இரண்டாம் மாதம் பாதிப் பேரோடு பேசினேன். மூன்றாம் மாதம் யாரோடும் பேசவில்லை. கணினியில் பச்சை எழுத்தில் டெலிவர்டு, டெலிவர்டு என்று வரிசையாக வரும். அதைப் பார்த்துக் கட்டத்தில் டிக் போட்டேன். சேர்ந்துவிட்டது, அப்புறம் என்ன என்று நினைத்துக்கொண்டேன். மாதக் கடைசியில் சிஸ்டர் தாளின் அடியில் கையெழுத்துப் போடுவார்.

அமுதா ஷூ கம்பெனியில் தையல் லைனில் இருந்தவள். இருபத்து நாலு வயது. புருஷனுக்கு மேல்விஷாரத்தில் ஒரு தோல் கிடங்கில் மூட்டை தூக்கும் வேலை. இரண்டு முறை கலைந்து மூன்றாவதாக நின்ற பிள்ளை. ஏழாம் மாதத்தில் வளையல் போட்டு அவளை ஆம்பூர்ப் பக்கம் பாலாற்று ஓரத்தில் இருந்த அம்மா வீட்டுக்கு அழைத்துவந்தார்கள். அந்த மாதம் மையத்துக்கு வந்தபோது ரத்த அழுத்தம் கொஞ்சம் கூடியிருந்தது. சிஸ்டர் அவளை அரைமணி நேரம் பிடித்து வைத்துக்கொண்டு மூன்று ஆபத்தையும் திருப்பித் திருப்பிச் சொல்லவைத்தார். முகம், தலை, கண். அவள் விரல்விட்டுச் சொன்னாள். பதினைந்து நாளில் வரச் சொல்லியிருந்தது. வரவில்லை.

அன்று மாலை சிஸ்டர் என் அறை வாசலில் வந்து நின்றார்.

"அமுதா வரலியே பாப்பா. பேசினியா?"

எனக்கு முன்னால் அந்தத் தாள் இருந்தது. அவள் பெயருக்கு நேரே டிக் இருந்தது.

"பேசினேன் சிஸ்டர்."

"அவளே பேசினாளா?"

"ஆமா சிஸ்டர்."

"இன்னா சொன்னா?"

"நல்லா இருக்காளாம். அடுத்த வாரம் வர்றேன்னா."

அவர் என் முகத்தைப் பார்த்தார். என்னை அவருக்குப் பிடிக்கும். தினமும் டிபனில் எனக்கென்று ஒரு இட்லி கூடுதலாக எடுத்துவருவார். "சரி" என்று சொல்லிவிட்டு ரயிலுக்குக் கிளம்பினார். எல்லாரையும் மூன்று கேள்வி கேட்பவர் என்னை அதற்குமேல் கேட்கவில்லை.

ஆறாம் நாள் நடுப்பகலில் அமுதாவை ஷேர் ஆட்டோவில் போட்டு எடுத்துவந்தார்கள். முகம் அடையாளம் தெரியவில்லை. நாலு நாளாகத் தலை நோவு என்று தைலம் தேய்த்துக்கொண்டிருக்கிறாள். மருந்துக்கடையில் வாங்கிய மாத்திரையைப் போட்டிருக்கிறாள். சிஸ்டர் சொன்னதை அவள் அம்மாவிடம் சொல்லாமலும் இல்லை. ஆனால் தெருவில் எல்லாரும், தலைச்சன் பிள்ளைக்கு முகம் ஊதத்தான் செய்யும், ஆபத்தாக இருந்தால் ஆஸ்பத்திரியில் சும்மா இருப்பார்களா, ஆள் அனுப்பமாட்டார்களா என்று சொல்லியிருக்கிறார்கள். முன்பெல்லாம் சிஸ்டர் வீட்டுக்கே வந்துவிடுவார் என்பது அந்தத் தெருவுக்கே தெரியும். அதனால் அவர் வருவார் என்று காத்திருந்தார்கள். அன்று காலை வலிப்பு வந்துவிட்டது.

சிஸ்டர் ஊசி போட்டு, ஆம்புலன்ஸில் கூடவே ஏறி வேலூருக்குப் போனார். சாயங்காலத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. குழந்தையும் இல்லை.

மறுநாள் அவர் வழக்கமான ரயிலில் வந்தார். நேராக என் அறைக்கு வந்து கணினியைத் திறக்கச் சொன்னார். அமுதாவின் பெயரைத் தேடி எடுத்தேன். பத்து வாரம். பத்துச் செய்தி. பத்தும் டெலிவர்டு. சிஸ்டர் நம்பரைப் பார்த்து மேசைமேல் இருந்த போனில் அழுத்தினார். எனக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டாரா, இல்லை பழக்கமில்லாமல் அழுத்தினாரா, தெரியாது.

"ஹலோ, யாருங்க?" ஓர் இளைஞனின் குரல்.

அமுதாவின் புருஷனா என்று கேட்டார்.

"இல்லீங்களே. இது என் நம்பருங்க. நான் சேலம். லாரி ஓட்டறேன். நாலு மாசம் முன்ன கடையில புதுசா வாங்கினது."

போன கர்ப்பத்தின்போது கொடுத்துவிட்டு, பிறகு பணம் போடாமல் விட்ட நம்பர். போன் கம்பெனிக்காரர்கள் அதை வேறொருவனுக்கு விற்றுவிட்டிருந்தார்கள். புருஷன் வேறு நம்பர் வாங்கியிருந்தான். அதை அவனிடம் கேட்டவர் யாரும் இல்லை.

"உங்களுக்கு மெசேஜ் வருதா தம்பி?"

"ஆமாங்க! வாரா வாரம் வரும். அமுதா, இது எத்தினாவது மாசம்னு. எனக்கு இன்னும் கல்யாணமே ஆகல. ஃபிரண்ட்ஸுங்கல்லாம் படிச்சுப் படிச்சுச் சிரிப்பாங்க."

"இந்த நம்பருக்கு யாராவது பேசினாங்களா? ஒரு பொண்ணு?"

"இல்லீங்க. மெசேஜ் மட்டுந்தான். யாரும் பேசல."

சிஸ்டர் தாளைப் பார்த்தார். அந்தக் கட்டத்தின்மேல் விரலை வைத்தார். என் பக்கம் திரும்பவில்லை. போனில் அந்தப் பையன் இன்னும் இருந்தான். கொஞ்சம் தயங்கிவிட்டு, "ஏங்க, அந்தப் பொண்ணுக்குக் கொழந்த பொறந்துடுச்சுங்களா?" என்று கேட்டான்.

சிஸ்டர் ரிசீவரைக்கூட எடுக்காமல் பொத்தானை அழுத்தி அணைத்தார்.

துக்க வீட்டுக்கு அவர் போகவேண்டாம் என்று, விஷயம் கேள்விப்பட்டு வந்திருந்த டிரைவர் அண்ணன் சொன்னார். கேட்கவில்லை. ஒரு ஆட்டோ பிடித்து மூவரும் போனோம். நான் ஆட்டோவிலேயே இருந்துவிட்டேன். அமுதாவின் அம்மா தோல் தொழிற்சாலையில் கூட்டிப் பெருக்குகிற வேலை பார்ப்பவர். சிஸ்டரைக் கண்டதும் மூலையில் கிடந்த துடைப்பத்தை எடுத்துக்கொண்டு வந்தார். "வர்றேன்னியேடி! வீட்டுக்கு வந்து பாப்பேன்னியே! எங்கடி போன?" தோளில், முதுகில், தலையில் அடி விழுந்தது. கூட்டம் தடுக்க வந்தபோது சிஸ்டர்தான் கையை நீட்டி அவர்களைத் தடுத்தார். அடிக்கிற கை ஓய்கிறவரை நின்றார். வெள்ளைப் புடவையெல்லாம் துடைப்பக் குச்சியும் மண்ணுமாக ஆட்டோவில் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

விசாரணைக் கூட்டம் பெரிய ஆஸ்பத்திரியில் நடந்தது. மேசையைச் சுற்றி ஆறேழு பேர். என்னை நடப்பை எழுதச் சொல்லி ஓரத்தில் உட்காரவைத்திருந்தார்கள்.

"நம்பர் சரிபார்த்துப் பேச ஏற்பாடு இருந்ததே, என்னாச்சு?" என்று ஒருவர் கேட்டார்.

என் பேனா நின்றது. சிஸ்டர் மேசையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"அந்தத் தாள் என்னோடது சார். மாசா மாசம் கையெழுத்துப் போட்டது நான். வீட்டுக்குப் போய்ப் பாக்க வேண்டியதும் நான்தான். ஜீப் இல்லன்னா நடந்து போயிருக்கணும். போகல."

டாக்டர் ஏதோ சொல்ல வந்தார். சிஸ்டர் தலையை அசைத்தார். வேறு யாராவது ஏதாவது சொல்ல வேண்டுமா என்று தலைமையில் இருந்தவர் கேட்டார். நான் குனிந்து, சிஸ்டர் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் எழுதினேன். கையெழுத்துகூட நன்றாகத்தான் இருந்தது.

அவரை வெளிவேலையிலிருந்து எடுத்து, வேலூரில் ஆபரேஷன் துணிகளையும் பஞ்சுகளையும் மடித்துக் கட்டும் அறைக்குப் போட்டார்கள். அங்கே நோயாளி யாரும் வரமாட்டார்கள். மையத்தில் கடைசி நாள் அலமாரிச் சாவியை என் மேசையில் வைத்தார்.

"சிஸ்டர், நான்..." என்று ஆரம்பித்தேன்.

"ஜன்னல மூடு பாப்பா. தோல் நாத்தம் உள்ள வருது" என்றார்.

எழுந்து ஜன்னலை மூடிவிட்டுத் திரும்பியபோது வாசலில் அவருடைய ஷூ சத்தம் தேய்ந்துகொண்டிருந்தது. திட்டம் அதற்குப் பிறகும் கொஞ்ச காலம் ஓடியது. நிதி நின்றதும் கம்பியில் கட்டிய கைபேசியையும் கணினியையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். ஜீப் திரும்பி வரவில்லை. நான் கல்யாணமாகி வேலையை விட்டேன்.

நான் முழுகாமல் இருந்தபோது அதே பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் போனேன். ஏழாம் மாதம். வராந்தாப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். மடித்துக் கட்டிய துணி மூட்டைகள் வைத்த தள்ளுவண்டியோடு சிஸ்டர் வந்தார். தலை முழுக்க வெளுத்திருந்தது. என்னைக் கடந்து இரண்டடி போனவர் நின்றார். வண்டியை விட்டுவிட்டுத் திரும்பி வந்து என் வயிற்றைப் பார்த்தார். பிறகு மெதுவாக, முழங்காலைப் பிடித்துக்கொண்டு தரையில் குந்தினார். என் புடவையைக் கொஞ்சம் தூக்கிக் கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலால் அழுத்தினார். அழுத்திய இடத்தில் லேசாகக் குழி விழுந்தது. அது நிரம்புகிறவரை பார்த்துக்கொண்டிருந்தார்.

"உப்பக் கம்மி பண்ணு."

எழுந்தார். நான் காத்திருந்தேன். உப்பைக் குறைக்க வேண்டும் என்று சொல்ல வாயைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தேன். அவர் எதுவும் கேட்கவில்லை. வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார். அத்தனை பேர் நடுவில் நான் அழுதேன். பக்கத்தில் இருந்த பெண் முதல் பிரசவமா என்று கேட்டுத் தண்ணீர் கொடுத்தாள்.

எனக்குப் பெண் குழந்தை பிறந்தது. நன்றாக இருக்கிறாள்.

ஓய்வு பெற்ற அடுத்த வருஷமே சிஸ்டர் இறந்துபோனார். டிரைவர் அண்ணன்தான் எனக்குப் போன் செய்தார். காட்பாடியில் கல்லறைத் தோட்டத்தில் இருபது பேர்கூட இல்லை. தம்பி குடும்பம், சர்ச்சுக்காரர்கள், இரண்டு மூன்று நர்ஸுகள். அவர் கையால் பிள்ளை பெற்ற ஆம்பூர்ப் பெண்களில் ஒருவரும் இல்லை. "எப்படி வருவாங்க?" என்றார் டிரைவர் அண்ணன். "அமுதா அம்மா இன்னும் அந்தத் தெருவுல சிஸ்டர் பேரச் சொல்லி வைஞ்சுக்கிட்டேதான் இருக்கு. எம் பொண்ணக் கொன்னவன்னு. கேட்டுக் கேட்டு எல்லாரும் அதையே நம்பிட்டாங்க."

அந்த வார்த்தையோடு என்னால் வீட்டில் இருக்க முடியவில்லை. இறந்தவர் பெயரையாவது கழுவிவிடலாம் என்று நினைத்தேன். அப்படி நினைத்ததில் என் நிம்மதி எவ்வளவு, அவர் மானம் எவ்வளவு என்று இப்போது பிரித்துச் சொல்ல முடியாது.

அடுத்த வாரம் காலையில் ஆம்பூருக்குப் பஸ் ஏறினேன். தெருவில் வீட்டுக்கு வீடு வாசலில் பெண்கள் ஷூவின் மேல்தோலைக் கையால் தைத்துக்கொண்டிருந்தார்கள். கம்பெனியில் வெட்டிக் கொடுப்பதை வீட்டில் வைத்துத் தைக்கும் கூலிவேலை. அமுதாவின் அம்மாவும் அதைத்தான் செய்துகொண்டிருந்தார். துடைப்பம் தூக்கிய அந்தக் கைகளா இவை என்று நினைக்கும்படி மெலிந்திருந்தார். கண்ணுக்கு வெகு அருகில் தோலைப் பிடித்து, துளையைத் தேடித்தேடி ஊசியை நுழைத்தார்.

எதிரில் குந்தி உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். நம்பர் மாறியதை, நான் போன் செய்யாததை, செய்ததாகப் பொய் சொன்னதை, கூட்டத்தில் வாயை மூடிக்கொண்டு இருந்ததை. அந்த ஆண்கள் பேசியதைப் பற்றிச் சொல்லவில்லை. அது சாக்குப்போல் இருக்கும். அவர் கையில் ஊசி நின்றிருந்தது.

"அப்ப அந்தம்மா மேல தப்பு இல்ல."

"இல்லம்மா. என் மேலதான்."

"அவங்க இன்னா பண்றாங்க இப்ப?"

"போன வாரம் செத்துட்டாங்கம்மா."

தோலை மடியில் வைத்தார். திட்டுவார், அடிப்பார் என்று காத்திருந்தேன். அதற்காகத்தான் போயிருந்தேன் என்று அந்த நிமிஷம் தெரிந்தது.

"காலையில எழுந்தா அவங்கள வைவேன்" என்றார். "சோத்துல கை வெச்சா வைவேன். அத வெச்சுத்தான் இத்தினி வருஷம் எழுந்து ஒக்காந்தேன். இப்ப வந்து, அவங்க இல்ல, நான்தான்ற. இனிமே உன்ன வையணும். எனக்கு அதுக்குத் தெம்பு இல்லம்மா. நீ போ."

நான் எழுந்தேன். ஏதாவது சொல்ல வேண்டும் என்று நின்றேன். அவர் தோலை மறுபடி கண்ணருகே கொண்டுபோனார்.

"வெளிச்சத்த மறைக்காத. ஓட்ட தெரியல."

ஓரமாகத் தள்ளி நின்றேன். தோலின்மேல் வெயில் விழுந்தது. அவர் துளையைக் கண்டுபிடித்து நூலை இழுத்தார்.